41/6

காரைக்குடி கோட்ட அலுவலக மாடியில்
முப்பத்தோரு வருஷம் சாலை வரைந்தேன்.
நேர்கோட்டுப் படம் என்று பெயர்.
எத்தனை வளைவு இருந்தாலும் நிமிர்த்திவிடுவோம்:
இடப்பக்கம் தொடக்கம், வலப்பக்கம் முடிவு,
நடுவில் மதகு, பாலம், பள்ளிக்கூடம்,
பட்டுப்போன புளியமரத்துக்கு ஒரு பெருக்கல் குறி.

நான் சேர்ந்தபோது அது
ஓர் ஊரணிக் கரையோடு முடிந்திருந்தது.
அதற்கு அங்கிட்டு
மாட்டுவண்டிக்குத் தெரியும்,
அரசாங்கத்துக்குத் தெரியாது.

பிறகு ஆணை வந்தது, கடல் வரை என்று.
டிரேசிங் துணியில் மை லேசில் போகாது.
பாதி பிளேடால் முடிவைச் சுரண்டினேன்.
மதியச் சாப்பாட்டுக்குள்
ஊரணியிலிருந்து உப்பளத்துக்குப் போய்விட்டேன்.
இன்றுவரை அந்தக் கடலைப் பார்த்ததில்லை.

மாவட்டம் பிரிந்த வருஷம்
பூஜ்யத்தைத் தூக்கி வேறு ஊரில் வைத்தார்கள்.
எல்லாக் கல்லிலும் பதினெட்டு குறைந்தது.
கற்கள் நகரவில்லை.
பெயிண்டர் ஞானப்பிரகாசம்தான்
சைக்கிளில் டப்பாவைத் தொங்கவிட்டுக்கொண்டு
வெயிலில் தொண்ணூறு கிலோமீட்டர் நகர்ந்தார்.

தேசிய நெடுஞ்சாலை ஆனதும் புது எண்.
டெல்லியிலிருந்து வந்த பட்டியலில்
கடல்தான் தொடக்கம்.
ஒரே ராத்திரியில் ஆத்திக்கண்மாய்
வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது,
எதிரே இருந்த பெட்ரோல் பங்க் இடப்பக்கத்துக்கு.
லாரிக்காரர்கள் எந்த எண்ணையும் சொல்லிக் கேட்டதில்லை.
தேவகோட்டை போகிற வழியில்
ரஸ்தா என்றே ஓர் இடம் உண்டு,
அதற்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

அப்புறம் முந்திரிக் காட்டைக் கிழித்துப் புறவழி.
ஊருக்குள் போன ஆறு கிலோமீட்டரை
ஊராட்சியிடம் ஒப்படைத்தோம்.
ஒரு கையெழுத்து, இரண்டு நகல்.
'இந்த நீளத்துக்குப் பெயிண்ட் தேவையில்லை.'
கோப்பில் அந்த வரி நான் எழுதியது.

பூவாயி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மஞ்சள் பையில் எஃப்.ஐ.ஆர்.,
வக்கீல் எழுதித் தந்த துண்டுச் சீட்டு.
புருஷன் சாத்தையா, டி.வி.எஸ். வண்டியில்
மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போனவர்.
விடியலில் ஒரு லாரி.
இடம்: கி.மீ. 41/6, சேவுகன் டீக்கடை எதிரில்.

இன்சூரன்ஸ்காரர்கள் பட்டியலைப் புரட்டினார்கள்.
இப்போதைய 41/6
ஒரு ரயில்வே மேம்பாலத்தின் நடுமுதுகு.
அங்கே டீக்கடை ஏது?
ஆகவே அப்படி ஓர் இடம் இல்லை.
ஆகவே அங்கே யாரும் சாகவில்லை.
மூன்று வாய்தா ஆயிற்று.

"எங்க செத்தாருன்னு மட்டும்
ஒரு தாள்ல எழுதிக் குடுங்கத்தா."

நாலு படத்தையும் எடுத்து
விளக்கு மேசைக் கண்ணாடியில்
ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தேன்.
டீக்கடை ஒரே புள்ளியில் நின்றது.
அதன் தலையில்
59/6
41/6
103/2
நாலாவதில் வெறும் தாள்.
ஏட்டையா பழைய கல்லைப் பார்த்து எழுதியிருக்கிறார்.
அந்தக் கல்லை யாரும் மாற்றவில்லை.
யாரும் என்றால்.

அன்றைக்கே டவுன் பஸ் ஏறினோம்.
நான் வரைந்த சாலையில்
வேலையாக நான் இறங்கியது அதுதான் முதல் தடவை.
கல் இருந்தது. அதில் ஓர் ஆடு கட்டியிருந்தது.
பீரோ சாவியால் சுரண்டினேன்,
நாற்பத்தொன்றுக்கு அடியில்
ஐம்பத்தொன்பது மங்கலாகத் தெரிந்தது.
போட்டோ எடுத்தேன். நாடா பிடித்தேன்.
'மேற்படி இடம் உள்ளது' என்று
குறிப்பேட்டில் தொடங்கினேன்.

பூவாயி கல்லருகே வரவில்லை.
பன்னிரண்டு எட்டு தள்ளி
தார் முடிகிற ஓரத்தில் நின்றிருந்தாள்.
"அங்கிட்டு இல்லத்தா. இந்தா, இங்கன."

எங்கள் படத்தில் மிகச் சிறிய அளவு
இருநூறு மீட்டர்.

பேனாவை மூடாமலே
அவள் நின்ற இடத்துக்கு நடந்தேன்.